துப்பாக்கிப் பயிற்சியும் ஜனங்களின் பொறுப்பும்

நம் சிவகங்கை ஜில்லாவில் பிறந்த ஒருவன் முதன்முதலாகத் துப்பாக்கியைக் கையில் எடுப்பது எங்கே? பெரும்பாலும் கோயில் திருவிழாவில், வளையல் கடைக்கும் மிட்டாய்க் கடைக்கும் நடுவே நிற்கும் பலூன் சுடும் கடையில்தான். காசைக் கொடுத்ததும் கடைக்காரர் ரவையைப் போட்டுத் துப்பாக்கியை நீட்டுகிறார். வாங்கியவன் விசையில் விரலை வைத்தபடியே திரும்பி, பின்னால் நிற்கும் சிநேகிதனைக் கூப்பிடுகிறான். குழலின் வாய் அங்கே நிற்கும் குழந்தைகளின் முகங்களையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். அவனுக்குக் கிடைத்த முதற் பாடம் அதுதான். பெரும்பாலோருக்குக் கடைசிப் பாடமும் அதுதான்.

இதை நாம் ஒரு சிறு விஷயமாகக் கருதவில்லை. 2024-ஆம் வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் தேசம் துப்பாக்கி சுடுதலில் மட்டும் மூன்று வெண்கலப் பதக்கங்களைப் பெற்றது. 2004 முதல் கணக்கிட்டால் இந்த ஒரு விளையாட்டில் ஏழு ஒலிம்பிக் பதக்கங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. இதைக் கண்ட நம் வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் தாமும் பழக வேண்டும் என்ற ஆவல் உண்டாவது இயற்கை. அந்த ஆவலை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒன்றும் அறியாத ஒருவனுக்கு முதலில் எதைக் கற்பிப்பது, எங்கே கற்பிப்பது, யார் கற்பிப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லாமல் பயிற்சி, பயிற்சி என்று முழங்குவது தேச சேவையாகாது. துப்பாக்கிப் பயிற்சியின் முதல் அத்தியாயம் குறி பார்ப்பதன்று, பொறுப்பு. குழலைவிட்டுக் கிளம்பிய குண்டு, அது ஓய்ந்து விழும் வரையில், சுட்டவனுடைய பொறுப்பிலேயே இருக்கிறது. இதை உணராதவன் எவ்வளவு நன்றாகக் குறி வைத்தாலும் பிறருக்கு ஆபத்தானவனே.

ஆயுதத்தைப் பற்றி நம்மவர்களிடம் இரண்டு மனோபாவங்கள் இருக்கின்றன. ஒன்று அச்சம், மற்றொன்று பவிஷு. இரண்டும் சரித்திரம் நமக்கு விட்டுச் சென்றவை. சிவகங்கைச் சீமை வளரி வீசிய சீமை. 1801-ஆம் வருஷம் ஜூன் 16-ந் தேதி சின்ன மருது தம் அறிக்கையைத் திருச்சியில் ஒட்டச் செய்தார். அதே வருஷம் அக்டோபர் 24-ந் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அத்துடன் கம்பெனியார் திருப்தி அடையவில்லை. தென்னாட்டுப் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடித்தார்கள்; ஜனங்களின் ஆயுதங்களைப் பறித்தார்கள். 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் அந்த வேலையை இந்தியா முழுவதற்கும் பூர்த்தி செய்தது. வெள்ளையருக்கு விலக்கு, இந்தியருக்கு லைசென்ஸ். இந்த அவமானத்தைத் துடைக்க வேண்டும் என்று காங்கிரஸ் பல வருஷங்கள் கேட்டு வந்தது. 1931-ல் கராச்சியில் நிறைவேறிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

சுயராஜ்யம் வந்த பிறகு நம் தலைவர்கள் இந்த விஷயத்தை மறுபடியும் ஆலோசித்தார்கள். 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் ஸ்ரீ எச். வி. காமத் இந்த உரிமையை அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்கவில்லை. சபை செய்தது சரி என்பதே நம் அபிப்பிராயம். அந்நியன் நம்மை நம்பாமல் ஆயுதத்தைப் பறித்தது வேறு. நம்மை நாமே ஆளும்போது, ஒருவன் கையிலுள்ள ஆயுதம் மற்றவன் உயிருக்கு ஆபத்தாகாதபடி விதி செய்துகொள்வது வேறு. முன்னது அடிமைத்தனம், பின்னது குடியரசின் கடமை. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் அந்தக் கடமையிலிருந்து பிறந்தது.

அச் சட்டத்தின் சாரத்தைப் பழக விரும்பும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். வெடிமருந்தால் சுடும் துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். 21 வயது நிரம்பாதவர் அதைச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது. விதிகளுக்கு உட்பட்ட பயிற்சிக்கு மட்டுமே சட்டம் இடம் கொடுக்கிறது. 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி லைசென்ஸ் கேட்பவர் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். 2019-ஆம் வருஷத்துத் திருத்தம் சாதாரணப் பிரஜை ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கல்யாணத்திலும் ஊர்வலத்திலும் உற்சாகத்துக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு அபாயம் விளைவிப்பவருக்கு இரண்டு வருஷம் வரையில் சிறைவாசமும், ஒரு லட்சம் ரூபாய் வரையில் அபராதமும் உண்டு என்றும் அது விதித்தது. பவிஷுக்குச் சுடும் வழக்கத்தைச் சட்டம் குற்றமென்றே சொல்லிவிட்டது. நாமும் அப்படியே சொல்கிறோம்.

காற்றின் அழுத்தத்தால் சுடும் துப்பாக்கிக்கு விதி வேறு. குழலின் துளை 4.5 மில்லிமீட்டருக்கும், ரவையின் சக்தி 20 ஜூலுக்கும் மேற்படாவிட்டால் அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் லைசென்ஸ் இல்லை என்பதால் அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. கண்ணில் பட்டால் கண் போகும். கிட்டத்திலிருந்து பட்டால் உயிரே போகக்கூடும். அதை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரையில் கொக்கும் காட்டுப் புறாவும் தேடித் திரிவதும் பயிற்சியாகாது. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முன் அது குற்றம். திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள கிராமத்தார், வந்து தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அந்தக் கட்டுப்பாட்டை எந்தச் சட்டமும் அவர்கள் மீது சுமத்தவில்லை, தாமே ஏற்றுக்கொண்டார்கள். துப்பாக்கி எடுக்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டிய மனப்பக்குவம் அதுவே.

இனி நம் மனத்தை உறுத்தும் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி, நமக்கு அடுத்த புதுக்கோட்டை ஜில்லாவில் நார்த்தாமலை அருகே, பசுமலைப்பட்டி சுடுதளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரத்தில், தன் தாத்தா வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனுடைய தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிய அச் சிறுவன் 2022 ஜனவரி 3-ந் தேதி இறந்தான். தளம் மூடப்பட்டது; சர்க்கார் உதவித்தொகை அறிவித்தது. அந்தக் குடும்பத்தின் இழப்பு எந்தத் தொகையாலும் ஈடாகாது என்பதைச் சொல்ல வேண்டுமா?

இச் சம்பவத்தைக் காட்டி, இந்தப் பக்கம் சுடுதளமே வேண்டாம் என்பவர்கள் உண்டு. அவர்கள் கூற்றை நாம் அலட்சியம் செய்யவில்லை. உலகத்தில் நடப்பதும் அவர்கள் பக்கமே சாட்சி சொல்கிறது. 1996-ல் ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்குள் புகுந்தவன் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் கையிலிருந்தவை லைசென்ஸ் உள்ள கைத்துப்பாக்கிகள். அடுத்த வருஷமே பிரிட்டிஷ் பார்லிமெண்டு கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருப்பதன் பலனை நாள்தோறும் பத்திரிகைகளில் படிக்கிறோம். ஆகவே, ஆயுதச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று நாம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம்.

ஆனால் நார்த்தாமலை நமக்குக் கற்பிக்கும் பாடம் என்ன என்பதைக் கொஞ்சம் நிதானித்து ஆராய வேண்டும். அங்கே சுட்டவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர், சீருடை அணிந்தவர்கள். பயிற்சி பெற்றவர் கையிலிருந்து கிளம்பிய குண்டும், அதைத் தடுத்து நிறுத்த ஏற்பாடு போதாவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு வீட்டைத் தேடிப் போகும். ஆகவே சுடுகிறவனுடைய திறமையை மட்டும் நம்பிச் சுடுதளம் அமைக்கக் கூடாது. அவன் தவறினாலும் குண்டு வெளியேறாதபடி தளம் அமைய வேண்டும். .22 என்ற சிறு தோட்டாவே ஒரு மைல் தூரத்திற்கு மேல் செல்லக்கூடியது என்றால், பெரிய ரைபிளைப் பற்றிக் கேட்பானேன்? திறந்த வெளியில், குன்றையும் புதரையும் நம்பி, புதியவர்களைப் பழக்குவது கூடாது என்பதே நாம் கொள்ளும் முடிவு. பழக்குவதே கூடாது என்பது அதிலிருந்து பிறக்கும் முடிவன்று.

அப்படியானால் எங்கே பழக்குவது? இதற்கு உலகம் நல்ல விடை கண்டிருக்கிறது. பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பந்தயம் என்பது நான்கு சுவருக்குள் நடப்பது. சுடுகிறவர் நிற்கும் கோட்டிலிருந்து இலக்கு பத்து மீட்டர், அதாவது சுமார் 33 அடி. ரைபிளுக்கான இலக்கு அட்டையின் வட்டம் முழுவதும் 45.5 மில்லிமீட்டர், அதன் நடுவில் பத்து மதிப்பெண் பெறும் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். பின்னால் ஈய ரவையைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பொறி, பக்கங்களில் சுவர், கோட்டுக்கு முன்னே திறக்கும் கதவுகளுக்கெல்லாம் பூட்டு. இவ்வளவுதான் தளம். ஒலிம்பிக்கில் 2008-ல் ஸ்ரீ அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2024-ல் செல்வி மனு பாக்கர் வெண்கலம் வென்றதும் இந்தப் பத்து மீட்டருக்குள்தான். செட்டிநாட்டில் இவ்வளவு நீளமுள்ள கூடத்திற்குப் பஞ்சமா? முகப்பிலிருந்து பின்கட்டு வரையில் ஒரு தெருவின் நீளத்திற்கு வீடு கட்டிய ஊரல்லவா இது? பூட்டிக் கிடக்கும் மாளிகைகள் எத்தனை! கல்லூரிக் கூடங்கள் எத்தனை!

இனி, ஒன்றும் அறியாதவருக்கு என்ன கற்பிப்பது என்பதைப் பார்ப்போம். இதில் நாம் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் ரவையே கூடாது. துப்பாக்கியை மேஜைமீது வைத்து, அதன் உறுப்புக்களைக் காட்டி, அது காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்பதையே கற்பிக்க வேண்டும். பார்த்து முடித்த பிறகும் அதில் ரவை இருப்பதாகவே எண்ணி நடக்க வேண்டும். ‘காலி என்று நினைத்தேன்’ என்பது துப்பாக்கி விபத்துக்களில் வழக்கமாகக் கேட்கும் வாக்குமூலம். அடுத்தபடி, அழிக்க விரும்பாத எதன்மீதும் குழலின் வாய் திரும்பக் கூடாது. வேடிக்கைக்காகவும் கூடாது, ஒரு கணமும் கூடாது. தீபாவளிக்குப் பொட்டு வெடித் துப்பாக்கி வாங்கிக் கொடுத்து, ஒருவரையொருவர் சுடும்படி குழந்தைகளைப் பழக்கியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை மறக்கச் செய்வதற்கே ஆசிரியருக்கு ஒரு நாள் ஆகும்.

குறி இலக்கில் நிலைத்து, சுடுவது என்று தீர்மானித்த பிறகே விரல் விசைக்குப் போக வேண்டும். அதுவரையில் வெளியே குழலோடு ஒட்டி நீண்டிருக்க வேண்டும். இலக்கை மட்டும் பார்த்தால் போதாது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். நார்த்தாமலைச் சம்பவத்துக்குப் பிறகு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த நான்கையும் புதியவர் வாயால் ஒப்பித்தால் போதாது; அவர் கை தானாகவே கடைப்பிடிக்கிற வரையில் ரவையைக் கொடுக்கக் கூடாது.

சுடுதளத்தில் ராஜா கிடையாது, மந்திரி கிடையாது. ஆணையிடுகிற அதிகாரி ஒருவரே. அவர் ‘நிரப்பு’ என்றால் நிரப்ப வேண்டும். ‘சுடு’ என்றால் சுட வேண்டும். ‘நிறுத்து’ என்ற சொல் காதில் விழுந்த க்ஷணமே, பாதி அமுக்கிய விசையையும் விட்டுவிட வேண்டும். ‘நிறுத்து’ என்று மட்டும், ஆபத்தைக் கண்ட எவரும் கூவலாம்; நேற்றுச் சேர்ந்தவரும் கூவலாம். சுட்டு முடிந்ததும் குழலில் வண்ணக் கயிற்றைச் செருகி, காலி என்று எல்லோருக்கும் தெரியும்படி மேஜைமீது வைத்துவிட்டுப் பின்னால் வர வேண்டும். எல்லாத் துப்பாக்கிகளும் அப்படி வைக்கப்பட்ட பிறகே இலக்கை மாற்ற யாரும் முன்னே போகலாம்.

சிறு விதிகள் சில உண்டு. அவை சிறியவை என்று விட்டுவிடக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். வெடிமருந்துத் துப்பாக்கியானால் காதுக்கு அடைப்பும் அவசியம். ரவை ஈயம், ஈயம் விஷம். ஆகவே தளத்தில் எதையும் தின்னக் கூடாது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தோட்டாத் துப்பாக்கியில் விசையை அமுக்கியும் வெடிக்காவிட்டால், திருப்பிப் பார்க்காமல், குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிப்பதும் உண்டு. குடித்தவருக்கும் கோபத்திலிருப்பவருக்கும் தளத்தில் இடமில்லை. வீட்டில் துப்பாக்கி வேறு பெட்டியிலும் தோட்டா வேறு பெட்டியிலும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். சாவி குழந்தைகளுக்கு எட்டக் கூடாது.

இவை பழகிய பிறகே ரவை. அதுவும் ஒரு தடவைக்கு ஒன்று. ஆசிரியர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒருவர் ஒருவருக்கே கற்பிப்பது உத்தமம். எந்தக் கண் ஆதிக்கக் கண் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆதிக்கமாயிருப்பது உண்டு. இதை அறியாமல் தமக்குக் குறியே வராது என்று மனம் நொந்து போனவர்கள் பலர். நிற்கும் நிலை, மூச்சை மெல்ல விட்டு நிறுத்துதல், விசையை வெடுக்கென்று இழுக்காமல் பிழிவதுபோல் அமுக்குதல், சுட்ட பிறகும் ஒரு விநாடி அசையாதிருத்தல் ஆகியவை இவ்வித்தையின் அரிச்சுவடி. இலக்கு அட்டையில் எண்ணைத் தேட வேண்டாம். குத்துக்கள் ஓரிடத்தில் கூடுகின்றனவா என்று பார்த்தால் போதும். அரை மணி நேரத்தில் களைப்பு வரும். களைத்த கை கவனம் தவறும். அத்துடன் நிறுத்திவிட வேண்டும். புதியவரைத் திகைக்க வைப்பதற்காகப் பெரிய துப்பாக்கியைக் கொடுத்து, அதன் உதைப்பில் அவர் தடுமாறுவதைக் கண்டு நகைக்கும் ஆசிரியர், ஆசிரியர் என்ற பெயருக்கு அருகரல்லர்.

இவ்வளவையும் பழகியவருக்குக் கிடைக்கும் லாபம் பதக்கம் மட்டுமன்று. மனத்தை அடக்கி ஒரு புள்ளியில் நிறுத்தும் சக்தி கிடைக்கிறது. தேக பலம் குறைந்தவரும், பெண்களும், வயது சென்றவரும் சமமாக நின்று போட்டியிடக்கூடிய விளையாட்டுக்கள் சிலவே. அவற்றில் இது ஒன்று. முக்கியமாக, கையில் ஆயுதம் இருக்கும்போதும் அதை உபயோகிக்காதிருக்கும் பழக்கம் உண்டாகிறது. குடியரசில் வாழும் பிரஜைக்கு இதைவிட நல்ல பழக்கம் வேறென்ன?

இந்த வித்தை செல்வருக்கு மட்டும் உரியதாக இருந்துவிடலாகாது என்பதையும் நாம் வற்புறுத்த விரும்புகிறோம். ஸ்ரீ பிந்த்ராவுக்கு அவர் தந்தை வீட்டிலேயே சுடுதளம் கட்டிக் கொடுத்தார். எல்லோருக்கும் அத்தகைய தந்தை வாய்ப்பதில்லை. பாரிஸில் பதக்கம் பெற்ற ஸ்ரீ ஸ்வப்னில் குசாலே கோலாப்பூர் ஜில்லாவில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். ஆக, வசதி இருந்தால்தான் வரும் என்பதும் இல்லை. இடமும் ஆசிரியரும் வேண்டும். நம் தமிழ்நாட்டையே பாருங்கள். டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்ட செல்வி இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். ஆனால் வளர்ந்ததும் வித்தை கற்றதும் குஜராத்தில். 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் டிராப் பந்தயத்தில் தங்கம் வென்ற கோஷ்டியில் ஒருவரான ஸ்ரீ பிருத்விராஜ் தொண்டைமான் நம் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர், அரச குடும்பத்தவர். அவர் புகழ் நமக்கும் பெருமையே. ஆயினும், அரண்மனையில் பிறக்காத கல்லல் பையனும் தேவகோட்டைப் பெண்ணும் இந்த வித்தையை எங்கே போய்க் கற்பது என்ற கேள்விக்கு விடை வேண்டாமா?

1951-ல் தேசிய ரைபிள் சங்கம் ஏற்பட்டபோது அதன் முதல் தலைவராயிருந்தவர் லோக் சபையின் முதல் சபாநாயகர் ஸ்ரீ கணேச வாசுதேவ மாவலங்கர். சட்டம் செய்யும் சபையின் தலைவரே சுடும் வித்தைக்கும் தலைவராக இருந்ததில் ஓர் அர்த்தம் உண்டு. ஆயுதம் சட்டத்தின் கீழ் அடங்கி நிற்க வேண்டும்; அப்படி அடங்கி நிற்கும் ஆயுதத்தைக் கண்டு பிரஜைகள் அஞ்ச வேண்டியதில்லை.

ஆகவே நாம் கேட்பது மிகையன்று. காரைக்குடி மாநகராட்சியும், ஜில்லா நிர்வாகமும், நம் கல்லூரிகளும் ஒன்றுகூடி, நான்கு சுவருக்குள் ஒரு பத்து மீட்டர் தளத்தை அமைக்க வேண்டும். துப்பாக்கிகள் தளத்துக்கே சொந்தமாயிருக்க வேண்டும். பழக வருகிறவர் வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு போக வேண்டும். ஏழைப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது. தேசிய மாணவர் படையில் பழகிய பெரியவர்களும் ஓய்வு பெற்ற ராணுவத்தாரும் ஆசிரியர்களாக முன்வர வேண்டும். பலூன் கடைகளில் துப்பாக்கியைக் கயிற்றால் மேஜையோடு பிணைத்து, அது பக்கவாட்டில் திரும்பாதபடி செய்யவும், பின்னால் கனத்த பலகை வைக்கவும் போலீசார் உத்தரவிட வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, திறந்த வெளிச் சுடுதளம் எங்கே இருந்தாலும், யாருடையதாயினும், அதன் மண்மேடும் சுற்றெல்லையும் எதிரேயுள்ள கிராமங்களின் தூரமும் பரிசோதிக்கப்பட்டு, அறிக்கை அந்தக் கிராமத்தார் கையில் கொடுக்கப்பட வேண்டும். அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் தலைக்கு மேல் எந்தக் குண்டும் பறக்க எவருக்கும் உரிமை இல்லை.

துப்பாக்கியைப் பூஜை செய்யவும் வேண்டாம். அதைக் கண்டு ஓடவும் வேண்டாம். அதைக் காலியாக்கி, குழலைத் தரை நோக்கி வைத்து, விரலை வெளியே எடுத்துவிட்டு, அடுத்த ஆணைக்குக் காத்து நிற்கத் தெரிந்த ஆயிரம் பேர் நம் ஜில்லாவில் உண்டாகட்டும். அவர்களில் ஒருவர் என்றேனும் ஒலிம்பிக் மேடையில் ஏறினால் மகிழ்வோம். ஏறாவிட்டாலும் நஷ்டமில்லை, ஒரு குழந்தையின் முகத்துக்கு நேராகத் துப்பாக்கியைத் திருப்பாத ஆயிரம் பேர் நம் திருவிழாக்களில் நடமாடுவார்கள்.